கார் கொட்டகையும் எட்டுக் குடித்தனமும்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் மனைவியை ஜெயிக்க விடுவதில்லை என்று ஒரு புதன்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தீர்மானம் செய்தேன். கொப்பளித்துத் துப்பினேன். துப்பிய வேகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பயம் வந்திருக்கும்.

என் பெயர் தியோடர். திருப்பதியில் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் ஊராகப் போகிற மூட்டைகளுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்பியவன். வீட்டில் எனக்கு வழி சொல்லி அனுப்புவது கிருபாவதி.

கிருபாவதி என் மனைவி. விஜயபுரம் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே. சனி, ஞாயிறு இங்கே. எங்கள் தாம்பத்தியம் இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடியதற்கு அதுதான் காரணம் என்பது அவள் கட்சி. இப்போது அவளும் ஓய்வு. ஏழு நாளும் இங்கேதான். என் நிலைமையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

வீடு என் நைனா கட்டியது. ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்தில் ஐந்து அறை, ஒரு ஹால், பக்கத்தில் தகரக் கொட்டகை. பெண் கல்யாணமாகி வேலூரில். பையன் ஹைதராபாத்தில். நாங்கள் இரண்டே பேர். திருப்பதியில் கிறிஸ்தவனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தரிசனத்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொண்டு சொந்தக்காரர்கள் யாரும் பெட்டியோடு வந்து இறங்க மாட்டார்கள். வீடு அமைதியோ அமைதி.

அந்தத் தகரக் கொட்டகையில்தான் என் கார் நின்றது.

வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது நைனாவிடம் விட்டுவிட்டுப் போன கருப்புக் கார். கடைசியாக என் மகள் கல்யாணத்தன்று சர்ச்சு வரைக்கும் ஓடியது. திரும்பி வரும்போது மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ளினார். அதற்கப்புறம் அது ஓடவில்லை. ஓடவில்லை என்றால் என்ன? உட்காரலாமே! தினமும் சாயங்காலம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். உலகத்திலேயே கிருபாவதி குரல் கேட்காத இடம் அது ஒன்றுதான். அதனாலேயே அவளுக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது. "உங்க சக்களத்தி" என்றுதான் சொல்வாள்.

இப்போது அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விஜயபுரத்திலிருந்து எத்திராஜ் என்று ஒரு வேர்க்கடலை விவசாயி ஒரு மூட்டைக் கடலையோடு வந்தார். பின்னாலேயே அவர் மகள் சுலோசனா. கிருபாவதியிடம் படித்த பெண். இங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"டீச்சரம்மா, ஒங்க வூடுன்னா அனுப்பறேன்" என்றார் எத்திராஜ். "வேற எங்கியும் அனுப்ப மாட்டேன். ராத்திரி டூட்டியெல்லாம் இருக்குதாம். கண்ட எடத்துல தங்க வுட்டுட்டு நான் அங்க எப்டி தூங்கறது? ஒண்ணாந்தேதிக்குள்ள எடம் இல்லன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். தையில அவ மாமனுக்கே கட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

சுலோசனா கிருபாவதியைப் பார்த்தாள். அவ்வளவுதான். நான் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு, ஐயோ, முடிந்தது என்று நினைத்தேன்.

முடிந்தேதான் போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, நம்ம வூட்டை ரூம் ரூமா வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு வுடப் போறேன்."

"வுடலாமான்னு கேக்கறியா, வுடப் போறேன்னு சொல்றியா?"

"கேக்கறேன். வுடப் போறேன், சரியான்னு."

"எத்தினி பேரு?"

"நாலு பேரு. சுலோசனா, அப்பால சர்ச்சு மாதர் சங்கத்துல கேட்டவங்கள்ல மூணு பேரு. இன்னும் நாலு பேரு கேட்டுக்கினு இருக்காங்க. பாவமாத்தான் இருக்குது. ஒங்க மூஞ்சிக்குப் பயந்துக்கினு வேணாம்னுட்டேன்."

என் மூஞ்சிக்கு இவள் பயந்தாளாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தில் இன்னொரு கவளம் வாயில் போட்டேன். அப்போதுதான் அடுத்ததைச் சொன்னாள்.

"நாலு பொண்ணுங்க துணி துவைக்கணும், காயப் போடணும். கொட்டகை வேணும். அந்த சக்களத்திய எடைக்குப் போட்டுடுங்க."

கவளம் தொண்டையில் நின்றது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

அதனால்தான் புதன்கிழமை காலைத் தீர்மானம். சுலோசனா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பெண். இவ்வளவு பெரிய ஊரில் அவளுக்கு வேறு நல்ல இடம் கிடைக்காமலா போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கிருபாவதியிடம் நேராக "முடியாது" என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் கல்யாணத்தன்று பாஸ்டர் கேட்ட கேள்விக்கு "ஆம்" என்றவன், அதோடு சரி, அதே பதில்தான். ஆகவே வேறு யாராவது சொல்ல வேண்டும். அரசாங்கம் சொன்னால் இன்னும் நல்லது.

எங்கள் சந்து முனையில் நாகபூஷணம் குடியிருந்தார். தெலுங்குக்காரர். முனிசிபாலிட்டியில் கட்டடம் பார்க்கிற வேலை. நேர்மையான மனுஷன். யார் வீட்டிலும் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"நாகபூஷணம் காரு, வீட்ல ரூம் ரூமா வாடகைக்கு விட்டா உங்க ஆபீஸ்ல ஏதாவது கேப்பாங்களா?"

"எந்தமந்தி சார்? எத்தினி பேரு?"

"ஏன், அதுல வித்தியாசம் உண்டா?"

"உண்டே! நாலு பேரு வரைக்கும் சும்மா குடித்தனம். பர்மிஷனே அக்கறலேது, வேணாம். அதுக்கு மேல போனா ஹாஸ்டல் கணக்கு. குடியிருக்கிறவங்க வண்டி நிறுத்த காம்பவுண்டுக்கு உள்ளாறவே ஜாகா காட்டணும். சந்துல நிறுத்தினா ஒப்புக்க மாட்டோம். நீங்களே பாக்கறீங்களே, வீட்டுக்கு வீடு லாட்ஜி ஆயிடுச்சு. வேனு, ஜீப்பு, ஸ்கூட்டரு, எல்லாம் ரோட்டுல. போன வாரம் பிள்ளைத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போன ஜட்கா நடுச்சந்துல நின்னுடுச்சு சார்!"

"சரி, அந்த ஜாகாவுல ஏற்கெனவே ஒரு கார் நிக்குதுன்னா?"

"காரை எடுத்துடணும்."

"எடுக்கவே முடியாத காரா இருந்தா?"

"அப்போ பர்மிஷன் லேது."

லேது! தெலுங்கு இவ்வளவு இனிமையான பாஷை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லை என்கிற ஒரு வார்த்தைதான். ஆனால் ஒரு மனுஷனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். நாலு பேர் என்றால் சட்டம் எங்கள் வாசற்படி ஏறாது. அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "எங்க வீட்டுக்கு எட்டுப் பேர் வரப் போறாங்க."

"எனிமிதி மந்தியா!" அவர் டீ கிளாஸை வைத்துவிட்டார். "அப்போ நான் டேப்போட வந்து கொலதை போட்டே ஆவணும் சார்."

"கண்டிப்பா வாங்க. அளங்க. நம்ம வீடாச்சேன்னு தாட்சண்யம் பார்க்காதீங்க. சட்டம்னா சட்டம்."

"உங்களை மாதிரி நாலு பேரு இருந்தா இந்த ஊரு எப்பவோ பாகுபட்டிருக்கும் சார்" என்றார். கண் கலங்கிய மாதிரிகூட இருந்தது.

மறுநாளே டேப்போடு வந்துவிட்டார். கொட்டகையை நீளவாட்டில் அளந்தார், அகலவாட்டில் அளந்தார், காரைச் சுற்றி வந்தார். கிருபாவதி முறத்தோடு வெளியே வந்தாள்.

"இன்னாங்க இது, எதுக்கு அளக்கறாரு?"

"கவர்மெண்டு" என்றேன், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அம்மகாரு" என்றார் நாகபூஷணம், "எட்டுப் பேரை வெக்கறதுக்கு முன்னாடி வண்டி ஜாகா இருக்குதான்னு பாக்கணும் கதா. சார்தான் சொன்னாரு, எட்டுப் பேருன்னு."

கிருபாவதி என்னைப் பார்த்தாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். "இல்லைங்க, நாலு பேருதான், இவரு உளறிட்டாரு" என்று அவள் சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே கந்தல். சொல்லப் போகிறாள் என்றுதான் நடுங்கினேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆமாங்க. எட்டுப் பேருதான். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாவிட்டாலும் லாபம்தானே என்று நினைத்தேன். நாகபூஷணம் கையை விரித்தார். "காரு போனா ஜாகா சரியா இருக்குது. பர்மிஷன் இஸ்தாம், குடுத்துடறோம். காரு போகலன்னா லேது."

"அதை அசைக்க முடியாதுங்க" என்றேன். "சக்கரம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. இருசு துருப்பிடிச்சுப் போச்சு. நைனா காலத்துச் சொத்து. அசையாச் சொத்து."

"ஐயோ பாவம்" என்றாள் கிருபாவதி. உள்ளே போய்விட்டாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. "இன்னும் ரெண்டு வாய் துன்னுங்க" என்று உபசாரம் வேறு. நான்கூட கொஞ்சம் பரிதாபப்பட்டேன். தோற்றுப்போனவளை எதற்கு வதைப்பது என்று ஊறுகாய் உப்பாக இருந்ததைச் சொல்லாமல் விட்டேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் வீட்டு ஜெபம். பாஸ்டர் ஐயாவும் மாதர் சங்கத்துப் பெண்களும் ஹால் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஊரே திரண்டு வரும். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் விளைச்சலில், உடைமையில் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவரும். ஜெபம் பண்ணி, வெளியே ஏலம் விடுவார்கள். ஏலம் விடுகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். பார்சல் ஆபீஸில் கத்திக் கத்திப் பழகிய குரல். இருபது வருஷமாக வேறு ஆள் அந்த மேடை ஏறியதில்லை.

"தியோடர் ஐயா குடும்பத்துக் காணிக்கை இந்த வருஷம் என்ன?" என்று பாஸ்டர் கேட்டார்.

"அவரைத்தான் கேக்கணும் ஐயா" என்றாள் கிருபாவதி. "இந்த வூட்டுல அவர் வார்த்தைதானே."

அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வசனம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்குத் தலை கூரையில் இடித்தது. எங்கள் வீட்டில் ஒரு சிவப்புச் சேவல் இருந்தது. பதினைந்து நாளாக அவள் அதற்குக் கம்பு போட்டுக் கொழுக்க வைத்துக்கொண்டிருந்தாள். காணிக்கைக்கு அதைத்தான் எடுத்து வைப்பாள், சேவல்தானே, போகட்டும் என்று கையை உயர்த்திச் சொன்னேன்:

"எனக்கு இந்த வீட்டுல எது ரொம்ப அருமையோ, அதையே கொடுப்போம் கிருபா. நீயே பார்த்து எடுத்து வை. ஏன்னு ஒரு வார்த்தை நான் கேக்க மாட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் பெண்கள். பாஸ்டர் ஐயா என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். நான் "ஆமென்" என்றேன். சந்து முனை வரை கேட்டதாம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

பண்டிகையும் வந்தது. சர்ச்சுக்குள் மேஜை நிறைய காய்கறி, கரும்பு, முட்டை, பின்னல் விரிப்பு. பெரிய சாமான்களை உள்ளே கொண்டுவர முடியாது என்பதால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாடு கொடுக்கிறவர்கள் கயிற்றை வைப்பார்கள். வைக்கோல் போர் கொடுக்கிறவர்கள் ஒரு பிடி வைக்கோலை வைப்பார்கள். ஜெபம் முடிந்துவிட்டால் கயிறு வைத்தவர் மாட்டைக் கொடுத்தே தீர வேண்டும். பின்வாங்குவது என்பது கிடையாது. நானே எத்தனை பேருக்கு அதை மேடையில் நின்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன்!

ஏலம் அமர்க்களமாகப் போயிற்று. என் பாணி தனி. பொருளைப் புகழவே மாட்டேன். திட்டுவேன். "இந்தப் பூசணிக்காயைப் பாருங்க, எங்க மாமியார் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்குது. யாரு தூக்கிக்கினு போறது? பல்லுள்ளவன் வாங்காதே!" ஜனம் சிரிக்கும். சிரித்துக்கொண்டே கேள்வி ஏற்றும். பூசணிக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும்.

அடுத்ததாக ஒரு வெள்ளைத் துணி மூடிய தாம்பாளம் வந்தது. துணியை எடுத்தேன். உள்ளே ஒரு ஹாரன். ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன். பளபளவென்று புளி போட்டுத் துலக்கியிருந்தது.

எங்கேயோ பார்த்த ஹாரன் என்று நினைத்தேன். பிறகு எங்கே பார்த்தேன் என்பதும் தெரிந்தது. தினமும் சாயங்காலம் பார்க்கிறேன்.

பாஸ்டர் ஐயா எழுந்து நின்றார். "சபையாரே! தியோடர் ஐயா தமக்கு மிகவும் அருமையானதைக் கொடுப்பேன் என்று என் காதுபடச் சொன்னார். சொன்னபடியே கொடுத்தார். தம்முடைய காரையே கொடுத்தார்!"

கைதட்டல். பெண்கள் பக்கம் கிருபாவதி தலையைக் குனிந்துகொண்டு, ஜெப சிந்தையில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

சரி, இன்னும் தோற்கவில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். யாரும் கேட்காவிட்டால் கார் என்னிடமே இருக்கும்.

"இது ஒரு காரு" என்றேன். "ஓடாது."

சிரிப்பு.

"விளையாட்டு இல்லைங்க, நெஜமாவே ஓடாது! இஞ்சினுக்குள்ள எலி குட்டி போட்டிருக்குது. சீட்டுல மூட்டைப்பூச்சி. தள்ளினாக்கூட நகராது!"

ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒருத்தர் கேட்டார், இன்னொருத்தர் ஏற்றினார், மூன்றாமவர் அதற்கு மேல் ஏற்றினார். "வாங்காதீங்கய்யா!" என்று நான் கத்தக் கத்த, ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் பின்வரிசையிலிருந்து புத்தூர் கோவர்த்தனன் கையைத் தூக்கினார். மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவர். மெட்ராஸில் படப்பிடிப்புக்குப் பழைய கார் கேட்கிறார்களாம். அவர் சொன்ன தொகைக்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தரம்" என்றேன். தண்ணீர் குடித்தேன். "ரெண்டு தரம்" என்றேன். முகத்தைத் துடைத்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். "ரெண்டரைத் தரம்... ரெண்டே முக்கால் தரம்..."

பெண்கள் பக்கமிருந்து ஓர் இருமல். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த இருமல்.

"மூணு தரம்!"

அன்றைக்குச் சாயங்காலம் காருக்குள் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா ஓட்டிய கார். அவர் கை பட்டுப் பட்டு ஸ்டியரிங் ஓரம் தேய்ந்திருக்கும். பக்கத்துக் கதவு திறந்தது. இரண்டு டம்ளர் காப்பியோடு கிருபாவதி ஏறி உட்கார்ந்தாள். மகள் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் இதில் ஏறியது அன்றுதான்.

"கோவமா?" என்றாள்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க. நாகபூஷணத்த இட்டுக்கினு வருவீங்க."

நான் காப்பியைக் குடித்தேன். நல்ல சூடு.

"அந்தப் பொண்ணு நாலாவதுல எங்கிட்டப் படிச்சா" என்றாள் கிருபாவதி. "மழையில ஏரி ஒடஞ்சு ஒருத்தரும் பள்ளிக்கோடம் வரல. இது மட்டும் முட்டியளவு தண்ணியில நடந்து வந்துட்டுது. லீவுன்னு சொன்னா அழுவுது. அதைப் போயி மாமனுக்குக் கட்டி மூலையில வெச்சுடுவாங்க. இந்தக் காரு பத்து வருஷமா எங்கியும் போகல. அந்தப் பொண்ணு போகணும்னு நெனைக்குதுங்க. ஒண்ணு நிக்கறதுக்கு எடம் வெச்சிருக்கிறோம், போறதுக்கு எடம் இல்லியா?"

டம்ளரைக் காலி செய்தேன். டீச்சர்களிடம் வாதம் பண்ணி ஜெயித்தவன் யார்? காலி டம்ளரை வாங்கிக்கொண்டு இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள், பூவைத் தொடுகிற மாதிரி. அதற்காக அவளை நான் எப்போதும் மறக்க மாட்டேன்.

மறுநாள் கோவர்த்தனன் மாட்டு வண்டி, கயிறு, நாலு ஆள் என்று ஒரு படையோடு வந்தார். "நகராதுங்க, ரொம்ப கஷ்டம்" என்று முன்கூட்டியே எச்சரித்தேன். ஒரு ஆள் பின்னால் லேசாகக் கையை வைத்தான். கார் கடகடவென்று கேட்டைத் தாண்டிப் போயிற்று.

"மண்ணுக்குள்ள போயிருந்துதே!" என்றேன்.

"நோண்டி எடுத்து, செங்கல்லு அண்டை குடுத்து, இருசுக்கு மண்ணெண்ணெய் ஊத்திக்கினே இருந்தேன்" என்றாள். "நீங்க மத்தியானம் கருவாட்டுக் குழம்பு துன்னுட்டுத் தூங்கறப்பல்லாம்."

நாகபூஷணம் அளந்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் கருவாட்டுக் குழம்பு. நான்தான் அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகபூஷணம் வந்தார். காலிக் கொட்டகையைப் பார்த்தார். எட்டுப் பேருக்குப் பர்மிஷன் கொடுத்தார். "அம்மகாரு, இந்த ஊர்ல ரூலுக்காக காரையே குடுத்த வீடு இது ஒண்ணுதான்" என்று கும்பிட்டார். எனக்கு இல்லை, அவளுக்கு.

நாலு பேர் என்று ஆரம்பித்தது எட்டாயிற்று. "ஐயாவே எட்டுன்னு சொல்லிட்டாரு, அவரு மனசு பெருசு" என்று மாதர் சங்கத்தில் சொல்லி, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நாலு பேரையும் கூப்பிட்டுக்கொண்டாள். என் பழைய பேப்பர்களுக்கென்று நான் வைத்திருந்த அறையும் போயிற்று. சுலோசனா முப்பதாம் தேதி டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒன்றாம் தேதி காலையில் இஸ்திரி போட்ட புடவையில் வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று கையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

எத்திராஜ் அந்த மாதமே அவர் ஊர்ப்பக்கம் சத்தியவேடு போஸ்டாபீசுக்குப் போய், யாருக்கு என்றே இல்லாமல் ஒரு டிரங்கால் போட்டாராம். "நம்பர் சொல்லுங்க" என்று மறுமுனையில் பெண் குரல். "நம்பர் ஒண்ணும் வேணாம்மா. நான் ஒன் நைனா. துன்னியா?" என்றாராம். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. எட்டுப் பேர் என்று முதலில் சொன்னது நான்தானே!

அதோடு நின்றிருந்தால் தேவலை. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. பென்ஷன் பணத்தில் ஒரு செகண்ட்ஹாண்ட் ஸ்கூட்டர் வாங்கினேன். பச்சைக் கலர். ஒரே உதையில் கிளம்பும். கம்பீரமாக ஓட்டிக்கொண்டு வந்து, கொட்டகையில் துணிக்கொடிக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தில் நிறுத்தினேன். ஒரு பெண்ணிடமும் வண்டி கிடையாது. எல்லாரும் நடைதான். அவ்வளவு இடமும் எனக்கே என்று நினைத்தேன்.

சாயங்காலமே நாகபூஷணம் வந்துவிட்டார். "சார், இது குடியிருக்கிறவங்க வண்டிக்கான ஜாகா. வீட்டுக்காரங்க வண்டி இங்க நிக்கக் கூடாது."

"அப்போ எங்க நிறுத்தறது? ரோட்டுலயா?"

"ரோட்டுல ஒப்புக்க மாட்டேன் சார். நீங்கதானே சொன்னீங்க, தாட்சண்யம் பாக்காதேன்னு."

நான் கிருபாவதியைப் பார்த்தேன். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டே ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"எட்டுல ஒரு பொண்ணு வரலீங்க. ஊர்லியே வேலை கெடைச்சுட்டுதாம். ஒரு எடம் காலியாத்தான் இருக்குது. ஐயாவை அதுல சேத்துக்கினா?"

"குடியிருக்கிறவரா?" நாகபூஷணம் தாடையைத் தடவினார். "வாடகை குடுத்தா பேஷா நிறுத்தலாம். ரூல் பிரகாரம் சரியா இருக்குது அம்மகாரு!"

"என் வீட்டுக்கு நானே வாடகையா?" என்று கத்தினேன். பார்சல் ஆபீஸ் குரல்.

"வண்டி நிக்கணுமா, வேணாமா?"

நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன். பச்சைக் கலர். ஒரே உதையில் கிளம்புகிற வண்டி.

"சரி" என்றேன்.

"அப்பால இன்னொண்ணு" என்றாள். "பொண்ணுங்க இருக்கிற வூடு. குடியிருக்கிறவங்க யாரா இருந்தாலும் எட்டு மணிக்குக் கேட்டுக்குள்ள இருக்கணும். டூட்டிக்குப் போறவங்களுக்கு மட்டும்தான் விலக்கு."

"எனக்கும் வெளியில வேலை இருக்காதா?"

"நீங்க ரிடையர்டு."

இதற்குமேல் வாதாடி என்ன ஆகப் போகிறது? புத்திசாலியோடு குடித்தனம் பண்ணுகிறவன் அவள் புத்தியை மெச்சிக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். மனசார மெச்சுகிறேன். ஏழே முக்காலுக்கெல்லாம் வந்துவிடுகிறேன்.